குடாவைக் கடந்த பொதிகள்

2007ஆம் ஆண்டு நாட்குறிப்புக் கொப்பியில் திங்கட்கிழமைப் பக்கங்களில் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: "இறுவட்டுகள் அக்கரைக்குப் போயின." கிழமை, திகதி, நேரம் மூன்றையும் எழுதிவிட்டுத்தான் நான் எந்த விஷயத்துக்கும் வருவேன். பள்ளிக்கூடத்தில் தொடங்கிய பழக்கம் அது, இன்றுவரை விடவில்லை. அந்த வரி எந்த மாதத்தோடு நின்றுபோனது என்பதையும் அதனால் கொப்பியைப் பார்த்தே சொல்ல முடிகிறது. அது நின்ற கதைதான் இது.

திருகோணமலை உட்துறைமுக வீதியில் இருந்த ஒரு நிவாரண அமைப்பின் கந்தோரில் கணினிகளுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். கணினி படித்து வந்தவனல்ல. களஞ்சியப் பதிவேடு எழுத வந்தவன். கையில் அகப்பட்டதையெல்லாம் வாசிக்கிற குணத்தால் கணினிப் புத்தகங்களையும் வாசித்தேன். அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. நகரக் கந்தோரில் பதினெட்டுக் கணினிகள் இருந்தன. கொட்டியாரக் குடாவின் அக்கரையில் மூதூர், கட்டைபறிச்சான், தோப்பூர் என்று இடத்துக்கு ஒன்றாக மூன்று. சம்பூர்ப் பக்கத்துச் சனம் யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஒரு வருடம் கழிந்திருந்தது. முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்த குடும்பங்களை அந்த மூன்று கணினிகளில்தான் பதிந்தார்கள். பதிவில் பெயர் இருந்தால்தான் உலர் உணவு.

பதிவு செய்யும் கணினி நிரலைக் கொழும்புத் தலைமைக் கந்தோர் வாரத்துக்கு வாரம் திருத்திக்கொண்டிருந்தது. ஒரு வாரம் புதிய கிராமப் பிரிவு சேரும். அடுத்த வாரம் குடும்ப அட்டை இலக்கத்தின் நீளம் மாறும். ஒவ்வொரு திருத்தத்தையும் நான் இறுவட்டில் பதிந்து கொடுப்பேன். எங்கள் சாரதி அதைக் கிண்ணியா வழியாகவோ, படகு ஓடும் நாளென்றால் மூதூர்ப் படகிலோ கொண்டுபோவார். வழியில் உள்ள சோதனைச்சாவடிகளில் இறுவட்டைக் கண்டால் கேள்வி வரும். ஒரு சிப்பாய் என்ன படம் என்று கேட்க, கந்தோர்ப் படம் என்று இவர் சொல்லியிருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை அதே சிப்பாய், இரண்டாம் பாகம் வந்துவிட்டதா என்று விசாரித்தானாம். அவர்கள் சிரித்தால் இறுவட்டு அக்கரை போகும். சிரிக்காத நாளில் சாவடியிலேயே தங்கிவிடும்.

அப்படித் தங்கிய வாரங்களில் இடத்துக்கு ஒரு விதமான நிரல் ஓடும். கட்டைபறிச்சானில் பதிந்த குடும்பம் மூதூர்ப் பட்டியலில் இராது. ஒரு முறை, இரண்டு பட்டியலில் பெயர் இருந்த ஒருவர் இரண்டு தடவை கோதுமை மா வாங்கிப் போனார். ஒன்றிலும் இல்லாத இன்னொருவர் வெறும் பையோடு வீட்டுக்குத் திரும்பினார். அந்த முறைப்பாடு கொழும்பு வரை போய், பணிப்பாளர் அம்மையாரின் கடிதமாகத் திரும்பி வந்தது. நான்கு வாரத்தில் தான் நேரில் வருவதாகவும், அதற்குள் ஆள் அனுப்பாமலே அக்கரைக் கணினிகளை நகரத்தோடு ஒரே நிலையில் வைத்திருக்க முடிந்தால் அவை இருக்கலாம் என்றும், முடியாவிட்டால் மூன்றையும் மூடிப் பதிவை நகரத்துக்கு எடுக்கவேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

மூடினால் தோப்பூரில் பதிவு எழுதிய பெண்ணுக்கு அன்றோடு வேலை போய்விடும். அவர் அந்த ஊர்க்காரி. இரண்டு பிள்ளைகளை அந்தச் சம்பளத்தில்தான் பள்ளிக்கூடம் அனுப்பினார். மூன்று இடங்களிலும் அதிகம் பதிந்தவர் அவர், பிழை குறைவாகப் பதிந்தவரும் அவர். அவருடைய மேசை இல்லையென்றால், கைக்குழந்தையோடு ஒரு தாய் பெயர் பதிய நகரத்துக்கு வந்து போக ஒரு முழு நாள் வேண்டும், அதுவும் வழி திறந்த நாளாக இருந்தால். கடிதத்தை நான் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். முடிந்த பிறகு அவர் கேட்டார்:

"அப்ப எனக்கு எத்தனை நாள் இருக்கு சேர்?"

"நாலு கிழமை" என்றேன்.

வழி ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. பொதி மேலாளர் என்ற வகை நிரல்களைப் பற்றி வாசித்திருந்தேன். நிரல்களைப் பொதிகளாகக் கட்டி ஓர் இடத்தில் வைத்துவிட்டால், வலையமைப்பில் உள்ள கணினிகள் தாமாகவே வந்து கேட்டு, தம்மிடம் இல்லாததை மட்டும் எடுத்துப் பொருத்திக்கொள்ளும். ஒரு பொதி வேலை செய்ய இன்னொன்று வேண்டுமென்றால் அதையும் சேர்த்து எடுக்கும். இதை நான் ஊழியர் கூட்டத்தில் விளக்கிக்கொண்டிருக்கும்போதே கணக்குப் பகுதிக்காரர் இடையில் புகுந்தார்.

"சங்கக்கடை எண்டு சொல்லுங்கோவன். அவரவர் கூப்பனுக்கு உரியதை அவரவர் வந்து எடுக்கிறது. இதுக்குப் போய் அரை மணித்தியாலம் கதைக்கிறியள்."

அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர். பழைய கணினி ஒன்றைத் துடைத்து, பொதிகளை அடுக்கும் களஞ்சியமாக்கினேன். வழியில் எவரும் பொதியை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக, பொதிப் பட்டியலின் மீது ஓர் இலக்க முத்திரையும் குத்தவேண்டும். முத்திரையை ஒத்துக்கொள்ளாத கணினி பொதியைத் தொடாது. அந்தச் சோதனையை நிறுத்தி வைக்கவும் வழி இருந்தது. ஆனால் யார் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதற்காக ஆட்கள் பயந்து வாழ்ந்த காலம் அது. அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

நகரத்தில் எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு எழும்பும் முன் முத்திரை குத்தினேன். சாப்பிட்டுவிட்டு வந்தபோது பதினெட்டுக் கணினிகளிலும் புதிய நிரல் இருந்தது. கணக்குப் பகுதிக்காரர் நம்பாமல் மேசை மேசையாகப் போய்ப் பார்த்து, பதினெட்டையும் கொப்பியில் சரி போட்டுக்கொண்டு வந்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இனி இது எதற்கு என்று, வெற்று இறுவட்டுகள் வந்த அட்டைப் பெட்டியை வெளியே எடுத்து வைத்தேன். பின்னேரம், எங்கள் நகர வீதிகளில் எப்போதும் திரியும் மான்கள் அதில் பாதியைத் தின்றிருந்தன.

அடுத்த நாள் அக்கரையைத் தொடங்கினேன். அங்கே தொலைபேசி வழிதான். காலையில் அங்குள்ள கணினி எங்கள் களஞ்சியத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு, வேண்டியதை எடுத்துக்கொண்டு வைத்துவிடும். இடத்துக்கு ஒரு இணைப்புத்தான் என்பதால், கணினி கதைக்கும் நேரம் மனிதர் கதைக்க முடியாது. அது முடிந்த பிறகு என்ன நடந்தது என்று அவர்கள் எனக்கு அழைத்துச் சொல்லவேண்டும். தோப்பூரிலிருந்து பத்தேகாலுக்கு அழைப்பு வந்தது. முத்திரை செல்லாது என்று கணினி சொல்கிறதாம். மூதூரும் அதையே சொன்னது, கட்டைபறிச்சானும் அதையே சொன்னது.

நான் ஒழுங்கான ஆள். முத்திரையில் பழுது என்றால் புதிய முத்திரை குத்தவேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் புதிதாகக் குத்திவிட்டு, கூப்பிடச் சொல்லுவேன். ஒவ்வொரு காலையும் செல்லாது என்று பதில் வரும். தொலைபேசிக் கம்பியைச் சந்தேகித்தேன். முத்திரையைச் சரிபார்க்க அக்கரைக் கணினிகளுக்கு வேண்டிய இலக்கத் திறவுகோலை மறுபடி இறுவட்டில் அனுப்பினேன். இறுவட்டு வேண்டாம் என்பதற்காகத் தொடங்கிய வேலைக்கு இறுவட்டு போனதைச் சாரதி கந்தோர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் தோப்பூரில் பதினொரு மணி வரை மின்சாரம் இல்லை. வந்த பிறகு கூப்பிட்டபோது பொதி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. இன்னொரு நாள் தொலைபேசி மதியம் வரை இறந்து கிடந்தது, அன்றும் போய்ச் சேர்ந்தது. "இன்று இணைப்பு நன்று" என்று காரணம் எழுதி வைத்தேன். மறுநாள் காலை பழையபடி செல்லாது.

"உங்கட சங்கக்கடை வெயில் ஏறினாத்தான் துறக்கும் போல சேர்" என்றார் தோப்பூர்ப் பெண். "மனேசர் நல்ல நித்திரையா?"

பகிடி விட்டாலும், ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் இன்னும் எத்தனை நாள் என்று கேட்காமல் வைக்கமாட்டார். பதினைந்து, பன்னிரண்டு, ஒன்பது என்று சொல்லிக்கொண்டு வந்தேன். இரண்டு என்று சொல்லவேண்டிய நாளும் வந்தது. செவ்வாய்க்கிழமை. அம்மையார் வியாழன் காலை வருவார்.

அன்று வேறு வழியில்லாமல் என் கொப்பியையே விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முத்திரை குத்திய நேரம், கணினி கூப்பிட்ட நேரம், முடிவு. மூன்றும் எல்லா நாளுக்கும் இருந்தன. கோடு கிழித்து மூன்று நிரையாக எழுதிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. தோற்ற நாளெல்லாம் முத்திரைக்கும் அழைப்புக்கும் இடையில் ஐந்து, பத்து நிமிடம். வென்ற நாட்களில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். மூதூரிலிருந்து ஒரு நாள் நாற்பது நிமிடம் பிந்திக் கூப்பிட்டிருந்தார்கள், அதுவும் வென்றிருந்தது. முத்திரையோடு அது குத்திய நேரமும் பதிவாகும். அப்படியானால் அக்கரைக் கணினிகளின் மணிக்கூட்டில்தான் பிழை. உடனே தோப்பூருக்குத் தொலைபேசி எடுத்து, கணினியின் மூலையில் என்ன நேரம் காட்டுகிறது என்று கேட்டேன். இரண்டு இருபது என்றார். என் கணினியிலும் இரண்டு இருபது. கைக்கடிகாரத்திலும் இரண்டு இருபது.

நான் அடுத்ததைக் கேட்கும் முன் அவரே சொன்னார்:

"அதில நேரம் பிழைக்காது சேர். நீங்கதானே அண்டைக்குச் சேர்க்குலர் அனுப்பினீங்க. சுவர் மணிக்கூட்டையும் கொம்பியூட்டரையும் ஒரேயடியா நான்தான் கையால அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினனான்."

தொலைபேசியை வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு அலுமாரியைத் திறந்து முந்தின வருடக் கொப்பியை எடுத்தேன். 2006 சித்திரைப் புத்தாண்டோடு அரசாங்கம் நாட்டின் நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குக் கொண்டுபோனது. அதற்கு முன் பத்து வருடமாக, அரசாங்கம் முன்னுக்குத் தள்ளியிருந்த நேரத்தைப் பலர் ஏற்காததால், எங்கள் பக்கத்தில் இரண்டு நேரம் இருந்தது. கலியாணத்துக்குச் சொன்னால்கூட, பழைய நேரமா புது நேரமா என்று கேட்டுத்தான் புறப்படுவோம். அந்தக் குழப்பம் ஒழிந்தது என்ற மகிழ்ச்சியில், எல்லாக் கந்தோருக்கும் ஒரு சுற்றறிக்கை எழுதினேன். அதன் பிரதி கொப்பியில் ஒட்டியிருந்தது. மணிக்கூடுகளையும் கணினிகளையும் அரை மணித்தியாலம் பின்னுக்கு வைக்கவும். கீழே என் கையொப்பம்.

சுவர் மணிக்கூட்டுக்கு அது சரி. கணினி அப்படி நேரம் வைப்பதில்லை. அது உள்ளே வைத்திருப்பது உலகப் பொதுநேரம். அதோடு இந்த நாட்டுக்கு இத்தனை மணித்தியாலம் என்று கூட்டித்தான் நமக்குக் காட்டும். அக்கரைக் கணினிகள் பழைய கணக்கில் அமைத்தவை. ஆறு மணித்தியாலம் கூட்டின. ஐந்தரை என்று அந்தக் கூட்டலை மாற்றியிருக்க வேண்டும். நான் முள்ளை மாற்றச் சொல்லிவிட்டேன். அதனால் முகத்தில் சரியான நேரம் தெரிந்தது, உள்ளே உலகத்துக்கு அரை மணித்தியாலம் பிந்தி ஓடியது. நகரத்துக் கணினிகள் அதற்குப் பிறகு புதிதாக அமைத்தவை, அவற்றில் இந்தக் கோளாறு இல்லை. இங்கே நான் இப்போது குத்திய முத்திரை, தோப்பூர்க் கணினியின் கணக்கில் இன்னும் அரை மணித்தியாலம் கழித்துக் குத்தப்படப் போகிற முத்திரை. நாளைய திகதி போட்ட கடிதத்தை எந்தக் கந்தோர் எடுக்கும்? புதிதாக, இன்னும் புதிதாக என்று நான் குத்தக் குத்த, அது இன்னும் உறுதியாக மறுத்திருக்கிறது.

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நாட்காட்டியிலிருந்து பத்து நாளை ஒரேயடியாக நீக்கிய வரலாற்றை வாசித்து, நாலு பக்கத்துக்குக் குறிப்பெழுதி வைத்திருந்தவன் நான். என் சொந்தக் கையொப்பத்தின் கீழ் காணாமற்போன அரை மணித்தியாலம் தெரியவில்லை.

"பிழை என்னுடையது" என்று தோப்பூர்ப் பெண்ணிடம் சொல்லி, விளக்கினேன்.

அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப ஒரு வருஷத்துக்கு மேல நாங்க உங்களுக்குப் பின்னால நிண்டிருக்கிறம்" என்றார். "சரி சேர். இப்ப என்ன செய்யணும், செல்லுங்க."

முதலில் எனக்கு நிச்சயம் வேண்டியிருந்தது. புதிதாக ஒரு முத்திரை குத்தி உடனே கூப்பிடச் சொன்னேன். செல்லாது. அதே முத்திரையை முப்பத்தைந்து நிமிடம் கழித்துக் கூப்பிடச் சொன்னேன். போய்ச் சேர்ந்தது. தோற்கவும் வெல்லவும் இப்போது நான் சொன்னபடி நடந்தது. மேசையில் தட்டிய சத்தத்தில் கணக்குப் பகுதிக்காரர் எட்டிப் பார்த்தார்.

மருந்தும் சங்கக்கடைக்குள்ளேயே இருந்தது. எந்த நாட்டுக்கு எத்தனை மணித்தியாலம் கூட்டுவது என்ற அட்டவணையும் ஒரு பொதிதான். புதிய அட்டவணை என் களஞ்சியத்தில் முதல் நாளிலிருந்து, பட்டியலில் சேர்க்கப்படாமல் கிடந்தது. புதன்கிழமை காலை அதைப் பட்டியலில் சேர்த்து முத்திரை குத்தி, நாற்பது நிமிடம் ஆறவிட்டு, மூன்று இடத்தையும் எடுக்கச் சொன்னேன். மூன்றும் எடுத்தன. அட்டவணை மாறியதும் கணினிகள் அரை மணித்தியாலம் பிந்திய நேரத்தை வெளியேயும் காட்டின. இனிக் கையால் சரி செய்வது ஒன்றுதான் மிச்சம்.

"முன்னுக்கா பின்னுக்கா?" என்று கேட்டார் தோப்பூர்ப் பெண். "போன முறை மாதிரி இல்லாம வடிவாச் செல்லுங்க சேர்."

முன்னுக்கு என்று இரண்டு தரம் சொன்னேன். அவரும் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கை வைத்தார்.

வியாழக்கிழமை அம்மையார் வந்தார். கணக்காய்வு வேலையிலிருந்து வந்தவர், அதிகம் கதைக்காதவர். நான் வரைபடம் ஒன்று கீறி வைத்திருந்தேன். அதைப் பார்க்கவும் இல்லை.

"எனக்கு விளக்கம் வேணாம். தோப்பூர் மெஷினில வருதா, வரேல்லையா?"

வரும் என்றேன். நேற்று வந்ததைக் காட்டினாலும் நம்பப் போவதில்லை என்று சொல்லி, கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பட்டியலில் விடுபட்ட ஒரு கிராமப் பிரிவின் பெயர் அதில் இருந்தது. அதை இப்போதே, தன் கண் முன்னால் சேர்த்து அனுப்பச் சொன்னார். இரண்டு நாளுக்கு முன் இதே வேண்டுகோள் வந்திருந்தால் அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். புத்தம் புதிய முத்திரையைத்தானே அவர் கேட்கிறார்.

பிரிவைச் சேர்த்தேன். பொதி கட்டினேன். பத்து பதினொன்றுக்கு முத்திரை குத்தி, தோப்பூருக்கு எடுத்து, உடனே கூப்பிடச் சொன்னேன். பத்து பன்னிரண்டுக்குத் தோப்பூர்ப் பெண் தொலைபேசியை வைத்தார். களஞ்சியக் கணினியின் மோடம் கீச்சிட்டு ஓய்ந்தது. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. யன்னலுக்கு வெளியே உட்துறைமுகத்தில் கடற்படைப் படகொன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது, அம்மையார் அதைப் பார்த்தபடி இருந்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து பத்தொன்பதுக்குத் தொலைபேசி அடித்தது. நான் கையை நீட்டும் முன் அம்மையார் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி பொத்தானை அழுத்தினார்.

"வந்ததா?"

"வந்திட்டு மெடம்" என்றது தோப்பூர்க் குரல். "புதுப் பிரிவு தெரியுது. அந்தப் பிரிவு ஆக்கள் ரெண்டு குடும்பம் எனக்கு முன்னாலேயே நிக்கிறாங்க. மூணு கிழமையா வந்து வந்து போறவங்க. பதியட்டா?"

அம்மையார் என்னைப் பார்த்தார். பிறகு தொலைபேசியைப் பார்த்துச் சொன்னார்: "பதியுங்கோ."

அவ்வளவுதான் தீர்ப்பு. அரை மணித்தியாலத்துக்குள் மூதூரும் கட்டைபறிச்சானும் அதே பொதியை எடுத்துக்கொண்டன. அம்மையார் என் கதிரையில் இருந்து, அக்கரை மேசைகள் மூன்றும் தொடர்ந்து இயங்கும் என்று மூன்று வரியில் எழுதிக் கையொப்பமிட்டு, பத்து ஐம்பதுக்குக் கிளம்பினார். கணக்குப் பகுதிக்காரர் முன்கடைக்குப் போய் எல்லோருக்கும் வடையும் பிளேன்டீயும் வாங்கி வந்தார். பொதி அக்கரைக்குப் போன நேரங்களை எல்லாம் நான் கொப்பியில் ஏற்றினேன். என் கையெழுத்து அந்தப் பக்கத்தில் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது.

மதியம் தோப்பூருக்கு எடுத்தேன். அந்த மூன்று வரியையும் வாசித்துக் காட்டினேன். மேசை மூடப்படாது, வேலை போகாது, இனி நாள் எண்ணவேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னேன். மறுபக்கத்தில் யாரோ ஒரு முதியவர் தன் குடும்ப அட்டை இலக்கத்தை மெதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது. அதை எழுதி முடித்துவிட்டுத்தான் அவர் எனக்குப் பதில் சொன்னார்.

"அப்ப எனக்கு ஒரு கதிரை அனுப்புங்க சேர். இதுக்கு ஒரு கால் இல்ல, செங்கல்லு வெச்சு இருக்கன். மூடப்போற கந்தோருக்குக் கதிரை கேக்கிறது சரியில்ல எண்டுதான் இவ்வளவு நாளும் பேசாம இருந்தனான். இனி ஏலாது."

அடுத்த திங்கட்கிழமைப் பக்கத்தில், காலை ஏழு நாற்பது என்று குறித்து, இப்படி எழுதியிருக்கிறேன்: "மூதூர்ப் படகில் ஒரு கதிரை போனது. சோதனைச்சாவடியில் கேள்வி இல்லை."